நாலாவது படி

வில்லாபுரத்து விடுதியில் முப்பத்திரண்டு பேர்,
வைஃபை பெட்டி ஒன்று.
மாடிப்படித் திருப்பத்தில், கரண்ட் மீட்டருக்கு மேலே,
பல்லியோடு சேர்ந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது.
இரவு ஒன்பதரை தாண்டினால்
எல்லாத் திரையிலும் அதே வட்டம் சுற்றும்.
"எவடி படம் இறக்குறது?"
என்று வராந்தாவில் குரல் எழும்.
எல்லாரும் ஐந்தாம் அறை ரெஜினாளைப் பார்ப்பார்கள்.
அழும்வரை பார்ப்பார்கள்.
ஒருநாள் அழுதாள்.

வார்டன் தவமணி பாஸ்வேர்டை என்னிடம் கொடுத்தாள்.
ஆஸ்பத்திரியில் பில் போடுகிறவள் நான்.
சேர்ந்த அன்று படிவத்தில்
கம்ப்யூட்டர் டிப்ளமோ என்று எழுதிவிட்ட பாவம்.

ஞாயிறு மதியம்,
கறிக்குழம்பு மயக்கத்தில் விடுதி கிடக்கும்போது
படியில் உட்கார்ந்து பெட்டிக்குள் போனேன்.
ரெஜினாள் திருடியில்லை.
அவள் போன் படபடவென்று பேசிவிட்டு
அடுத்தவருக்கு வழிவிட்டு விடுகிறது.
கடைசி அறையில்தான்,
மூன்று சுவருக்கும் ஒரு இரும்பு பீரோவுக்கும் அந்தப்பக்கம்
பழைய போன் ஒன்று
எழுத்துக் கூட்டி எழுத்துக் கூட்டிப் பேசுகிறது.
பேசி முடிக்கிற வரைக்கும்
காற்று முழுக்க அதன் கையில்.

பெட்டிக்குத் தெரிந்த நியாயம் ஒன்றுதான்:
ஆளுக்கு ஒரு குடம்.
எங்கள் குழாயடியிலும் அதே சட்டம்.
கார்ப்பரேஷன் தண்ணீர் ஒரு மணி நேரம் வரும்.
வாய் குறுகின கேன்காரி
சிந்திவிடக் கூடாதென்று நூல் மாதிரி திறந்துவிட்டு
நிரம்புகிறவரை நிற்பாள்.
அவளுக்கும் ஒன்று, எனக்கும் ஒன்று.
கணக்கு சரி.
தண்ணீர் நின்றுபோயிருக்கும்.

எட்டாவது பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம் இருந்தது.
குடத்தை எண்ணாதே, நேரத்தை எண்ணு என்பதற்கு.
மேலூர்ப் பக்கம் கால்வாயில் முறை வைத்து விடுவார்களே,
இன்ன வயலுக்கு இத்தனை மணி,
பாய்ந்தது பாய்ந்தவரை
என்று மடையை அடைத்துவிடுவார்களே,
அந்த மாதிரி.
டிக் போட்டேன்.

அன்றிரவு வட்டம் சுற்றவில்லை.
செங்கமலத்தின் இன்டர்வியூவில்
சிங்கப்பூர்க்காரர் முகம் கடைசிவரை கலையவில்லை.
ரெஜினாள் நிஜமாகவே ஒரு படம் இறக்கினாள்,
கதவைத் திறந்துவைத்துக்கொண்டு.
எனக்கு மூடி போட்ட தம்ளரில் பருத்திப்பால் வந்தது.

பதினொன்றாம் அறையிலிருந்து ஒன்றும் வரவில்லை.
குறைகூட.
அங்கே இருப்பவள் இருளாயி.
கப்பலூர் நூல்மில், காலை ஷிஃப்ட்.
முப்பத்திரண்டு பேரில் அவள் பங்கை நான் தொடவில்லை,
எல்லாருக்கும் ஒரே நேரம்,
அந்த நேரத்துக்குள் அவள் போனுக்கு
வருவது அவ்வளவுதான்
என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.
கணக்கு சரி.
குழாயடியிலும் இதே இரண்டு வார்த்தைதான்.

புதன்கிழமை பதினோரு மணிக்குத்
தண்ணீர் பிடிக்க இறங்கினேன்.
நாலாவது படியில் அவள்.
பெட்டிக்கு நேர் கீழே,
முழங்கால் இரண்டையும் கட்டிக்கொண்டு.
"இங்ஙன நல்லா வருதுக்கா."
அந்தப் போனேதான்.
திக்காமல் பேசுகிறது.
மூன்று சுவரையும் பீரோவையும்
அவள் நடந்தே கழித்துவிட்டாள்.
திரையில் என்ன ஓடுகிறது என்று நான் பார்க்கவில்லை.
ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டிக் கேட்பது மட்டும்
மேலே ஏறும்போது காதில் விழுந்தது.

இப்போது படியில் நெரிசல்.
ஒரு ஆள் அகலம்தான் அது.
பக்கெட்டோடு ஒருத்தி, பாட்டிலோடு ஒருத்தி,
அவள் காலை மடக்கும்வரை நின்று
ஒவ்வொருத்தியாகப் போகிறார்கள்.
வார்டன் மறுபடி கூப்பிட்டனுப்பினாள்:
"இதுக்கும் அந்தப் பெட்டியில
ஏதாவது கட்டம் இருக்கா பாரு."

டவுன்ஹால் ரோட்டில்
இருபது மீட்டர் ஒயர் என்ன விலை,
இன்னொரு பெட்டி என்ன விலை என்று
கேட்டுவைத்திருக்கிறேன்.
சம்பளம் ஏழாம் தேதி.

நேற்று நான் இறங்கும்போது
காலை ஒதுக்கப் பார்த்தாள்.
இருக்கட்டும், முடிச்சிட்டு சொல்லு என்றேன்.
காலிக் குடத்தை இடுப்பு மாற்றி வைத்துக்கொண்டு
ஐந்தாவது படியில் நின்றேன்.